சுவிட்சில் செருகும் சின்னப் பெட்டி: ஒளியிழை மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளிக்கு வலையமைப்புக் கருவிகள் வாங்கும்போது வரும் விலைப்புள்ளியில் கணினி, சுவிட்ச், யுபிஎஸ், கேபிள் என்று பழகிய பெயர்களுக்கு நடுவே ஒரு வரி இருக்கும்: ‘எஸ்எஃப்பி மாட்யூல் – 2 எண்’. கட்டைவிரல் நீளத்தில் ஓர் உலோகப் பெட்டி. எதற்கு என்று கேட்டால், “ஃபைபருக்கு அது வேணும் சார்” என்பதோடு பதில் முடிந்துவிடும். தலைமை ஆசிரியர் கையெழுத்திடுவார். ஆய்வகப் பொறுப்பாசிரியர் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவார். அந்தப் பெட்டி தவறானதாக இருந்தால் சுவிட்சும் கணினிகளும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் பயனில்லை. இரு கட்டடங்களுக்கும் இடையிலான இணைப்பு விளக்கு எரியாது. இணைய வழித் தேர்வு நாளன்று பிள்ளைகள் கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவு முழுவதும் நம் பாடநூல்களில் இருக்கிறது. முழு அக எதிரொளிப்பு, அலைநீளம், மடக்கை, ஃபோட்டானின் ஆற்றல் ஆகிய நான்கும் போதும். கணினி ஆசிரியர், இயற்பியல் ஆசிரியர், கணித ஆசிரியர் மூவரும் சேர்ந்தால் ஒரு பாடவேளையில் முடிகிற வேலை இது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்சாலைகளுக்கு நம் முன்னாள் மாணவர்கள் அன்றாடம் கம்பெனிப் பேருந்தில் போய் வருகிறார்கள். செல்போன், கார், டயர் மட்டுமல்ல, வலையமைப்புக் கருவிகளும் இப்பகுதியில் தயாராகின்றன. ஒரகடத்தில் நோக்கியாவின் தொலைத்தொடர்புக் கருவித் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அந்நிறுவனத்துடன் சேர்ந்து சென்னைப் பகுதியில் தன் கருவிகளைத் தயாரிக்கும் ஏற்பாட்டை சிஸ்கோ 2024 செப்டம்பரில் தொடங்கியது. அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு மாட்யூலைச் செருகும் முறையை முதல் நாளிலேயே காட்டிவிடுவார்கள். அந்த மாட்யூலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அதை நாம் சொல்லி அனுப்பலாம்.

செம்புக் கம்பி போதாதா?

போதும், 100 மீட்டர் வரை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் நெட்வொர்க் கேபிளுக்கு வகுக்கப்பட்ட எல்லை அது. ஒரே கட்டடத்துக்குள் அது தாராளம். ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் ஒரு கூடமே இந்த எல்லையைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, வெல்டிங் இயந்திரங்களும் பெரிய மோட்டார்களும் எழுப்பும் மின்காந்த இரைச்சல் செம்பில் ஏறும். கண்ணாடி இழையில் ஏறாது. அதனால்தான் தொழிற்சாலைகளின் முதுகெலும்பு இணைப்பு எப்போதும் ஒளியிழையாகவே இருக்கிறது.

பள்ளிகளில் இரைச்சலைவிட இடிதான் பிரச்சினை. பழைய கட்டடத்துக்கும் மைதானத்துக்கு அப்பால் உள்ள புதிய கட்டடத்துக்கும் இடையே செம்புக் கேபிளைத் தொங்கவிட்டால், ஐப்பசி மழையில் அருகில் எங்காவது இடி விழும்போது இரு கட்டடங்களின் தரைமட்ட மின்னழுத்தமும் வேறுபட்டு, அந்த வேறுபாடு கேபிள் வழியே ஓடி இருபுறச் சுவிட்சுகளையும் எரித்துவிடும். தூரம் 60 மீட்டர்தான் என்றாலும் கட்டடம் விட்டுக் கட்டடம் போவது ஒளியிழையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கை: மண்ணில் புதைக்கும் கவசக் கேபிளின் உள்ளே எஃகுத் தகடு சுற்றியிருக்கும். அது மின்கடத்தி. கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதை முறையாகத் தரையிணைப்புச் செய்யச் சொல்லுங்கள்.

சுவிட்சுக்குத் தெரிவது மின் துடிப்பு மட்டுமே. அதை ஒளித்துடிப்பாக மாற்றி இழைக்குள் அனுப்புவதும், வரும் ஒளியை மீண்டும் மின்சாரமாக்குவதும்தான் நம் பெட்டியின் வேலை. உள்ளே ஒரு குட்டி லேசர், ஒரு ஒளி டையோடு. முன்புறத்தில் உள்ள இரு துளைகளில் ஒன்று பேசும், மற்றது கேட்கும். இங்கே பேசும் துளை அங்கே கேட்கும் துளைக்குப் போக வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் ஒரு முனையில் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் கேபிளைப் படியுங்கள்

மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதில்லை. சுவரில் வந்து நிற்கும் கேபிளில் தொடங்குகிறது. அதன் உறையில் 9/125, 50/125, 62.5/125 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம், இரண்டாவது அதைச் சுற்றிய கண்ணாடிப் போர்வையின் விட்டம், இரண்டும் மைக்ரோமீட்டரில். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் என்று சொன்னால் மாணவர்களுக்கு அளவு பிடிபடும். 9 என்றால் ‘சிங்கிள் மோடு’, மற்ற இரண்டும் ‘மல்டி மோடு’. கட்டடத்துக்குள் வரும் கேபிள்களில் நிறமும் உதவும்: மஞ்சள் சிங்கிள் மோடு, ஆரஞ்சு பழைய மல்டி மோடு, வெளிர் நீலப்பச்சை ஓஎம்3, ஓஎம்4 எனப்படும் புதிய மல்டி மோடு. வெளியே புதைக்கும் கேபிள் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். அங்கே அச்செழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

இந்த இரு வகைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கக் காலைப் பிரார்த்தனைக் கூட்டம் நல்ல உதாரணம். கூட்டம் முடிந்து வகுப்பு வாரியாகப் பிள்ளைகளை அனுப்புகிறோம். அகலமான மைதானம் என்றால் சிலர் நேராக ஓடுவார்கள். சிலர் மரத்தடி சுற்றி, குழாயடி சுற்றி வருவார்கள். ஆறாம் வகுப்பின் கடைசிப் பையன் வந்து சேர்வதற்குள் ஏழாம் வகுப்பின் முதல் பிள்ளை வந்துவிடுவாள். எது எந்த வகுப்பு என்று பிரிக்க முடியாது. ஒருவர் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய நடைபாதை என்றால் இந்தக் குழப்பம் இல்லை. 50 மைக்ரோமீட்டர் உள்ளகத்தில் ஒளி பல கோணங்களில் எதிரொளித்துப் பல பாதைகளில் போகிறது. 9 மைக்ரோமீட்டரில் ஒரே பாதை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, மாணவர்கள் ரசிப்பார்கள். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர். நொடிக்கு 100 கோடி பிட்கள், அதாவது 1 ஜிகாபிட் அனுப்பினால், ஒரு பிட் இழைக்குள் பிடிக்கும் நீளம் 20 சென்டிமீட்டர். 10 ஜிகாபிட் என்றால் வெறும் 2 சென்டிமீட்டர். துடிப்பு சிறிது பரவினாலே பக்கத்துப் பிட்டின் மேல் ஏறிவிடும். அதனால்தான் 850 நானோமீட்டர் ஒளியில் 1 ஜிகாபிட்டை 275 மீட்டர் வரை கொண்டுசென்ற பழைய 62.5 மைக்ரோமீட்டர் கேபிள், 10 ஜிகாபிட்டுக்கு மாற்றியதும் 33 மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. ஓஎம்3 கேபிளில் அது 300 மீட்டர், ஓஎம்4-இல் 400 மீட்டர். சிங்கிள் மோடில் 1310 நானோமீட்டர் ஒளி 10 ஜிகாபிட்டையே 10 கிலோமீட்டர் கொண்டுசெல்லும்.

ஆகவே புதிதாகக் கேபிள் போடும் பள்ளி, தூரம் 150 மீட்டரே ஆனாலும், சிங்கிள் மோடையே கேட்க வேண்டும். 6 இழைகளாவது உள்ளதாகக் கேளுங்கள். பள்ளம் தோண்டும் செலவுதான் பெரிது. இழைகளின் செலவு அதில் சிறு பங்கு. மாட்யூல்களின் விலை வேறுபாடும் இப்போது பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

சிங்கிள் மோடு கேபிளுக்கு 850 நானோமீட்டர் மாட்யூலை வாங்கிவிட்டால், 50 மைக்ரோமீட்டர் வாசலுக்குச் செய்த ஒளியை 9 மைக்ரோமீட்டர் வாசலில் திணிப்பதாகும். பெரும்பகுதி வெளியே சிந்திவிடும். கடைக்காரரின் அலமாரியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நெம்புகோலின் நிறத்தைப் பார்த்து அடையாளம் காண்பவர்கள் உண்டு, 850-க்குக் கறுப்பு, 1310-க்கு நீலம் என்று. அது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் ஒட்டியுள்ள சீட்டில் அலைநீளத்தைப் படிப்பதே பாதுகாப்பு.

இரட்டையர் அல்ல, ஜோடி

ஒற்றை இழையிலேயே இரு திசையிலும் பேசும் ‘பைடை’ என்ற மாட்யூல் வகையும் உண்டு. ஒரு முனை 1310 நானோமீட்டரில் பேசி 1490-இல் கேட்கும். மறுமுனை 1490-இல் பேசி 1310-இல் கேட்கும். 1490-க்குப் பதில் 1550 பயன்படுத்தும் ஜோடிகளும் சந்தையில் இருக்கின்றன. இங்கேதான் விலைப்புள்ளியில் ‘2 எண்’ என்று எழுதுவது ஆபத்தாகிறது. ஒரே எண்ணுள்ள இரண்டு வந்துவிட்டால் இரண்டும் ஒரே நிறத்தில் பேசும், இரண்டும் வேறு நிறத்துக்குக் காத்திருக்கும். எத்தனை நாள் பார்த்தாலும் விளக்கு எரியாது. ‘1 ஜோடி’ என்று எழுதி, இரு அலைநீளங்களையும் குறிப்பிடுங்கள்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபிநெட் திட்டத்தாலும் தனியார் இணைய நிறுவனங்களாலும் இப்போது பல பள்ளிகளின் வாசல்வரை ஒளியிழை வருகிறது. இணைய நிறுவனங்கள் தரும் ஒற்றை இழை இணைப்பில் பெரும்பாலும் இதே 1490, 1310 நானோமீட்டர்கள் இருக்கும். அலைநீளம் ஒன்று என்பதற்காக அந்த இழையை நேரே சுவிட்சின் பைடை மாட்யூலில் செருகிவிட முடியாது. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்து, முறை வைத்துப் பேசும் ஏற்பாடு அது. அவர்கள் தரும் பெட்டி கட்டாயம். அவர்களின் செருகி பெரும்பாலும் பச்சை நிறம். அதன் கண்ணாடி முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நம் மாட்யூலுக்கு வேண்டிய நீலச் செருகியின் முகத்தில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் இரு முகங்களும் படியாமல் ஒளி இழப்பு கூடும். முகம் கீறவும் செய்யலாம்.

டெசிபல் கணக்கு

ஒளிக்கு வழியில் எவ்வளவு இழப்பு என்பதை டெசிபலில் சொல்வார்கள். பத்தின் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் டெசிபல். 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி போய்விட்டது. 10 என்றால் பத்தில் ஒரு பங்கே மிச்சம். 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. 1966-இல் சார்லஸ் காவ் இழைவழித் தொலைத்தொடர்பு சாத்தியம் என்று எழுதியபோது வைத்த இலக்கு கிலோமீட்டருக்கு 20 டெசிபல்தான். நூற்றில் ஒரு பங்கு ஒளி தப்பினால் போதும் என்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைத் தாண்டியது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று 1550 நானோமீட்டரில் இழப்பு 0.2 டெசிபல். ஒரு கிலோமீட்டர் கண்ணாடியைக் கடந்த பிறகும் 95 விழுக்காட்டுக்கு மேல் மிச்சம். (பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-இலேயே லண்டனில் இழைக்கட்டு வழியே படம் அனுப்பிக் காட்டியதையும் வகுப்பில் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும்.)

ஒரு மில்லிவாட்டைச் சுழியமாகக் கொண்டு அளந்தால் அது டிபிஎம். 0 டிபிஎம் 1 மில்லிவாட், –10 டிபிஎம் 0.1 மில்லிவாட், –20 டிபிஎம் 0.01 மில்லிவாட். இனி ஒரு கணக்கு. இரு கட்டடங்களுக்கு இடையே 180 மீட்டர் சிங்கிள் மோடு கேபிள். 1310 நானோமீட்டர், 1 ஜிகாபிட் மாட்யூலின் விவரத்தாளில் குறைந்தபட்ச அனுப்பு திறன் –9.5 டிபிஎம், ஏற்பியின் உணர்திறன் –20 டிபிஎம் என்று இருக்கிறது. கையில் உள்ள தொகை 10.5 டெசிபல்.

செலவைப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழைக்கு 0.06. இருபுறச் செருகு இணைப்புகளுக்குத் தலா 0.5 வீதம் 1.0. உருக்கி ஒட்டிய இரு இடங்களுக்குத் தலா 0.1 வீதம் 0.2. மொத்தம் 1.26 டெசிபல். தூசு, முதுமை, பின்னாளில் அறுந்து ஒட்டுதல் இவற்றுக்காக 3 டெசிபலை ஒதுக்கினாலும் 4.26. தொகை தாராளம். கவனியுங்கள், செலவில் பெரும்பங்கு 180 மீட்டர் கண்ணாடிக்கு அல்ல, இரண்டு செருகிகளுக்கு.

இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘80 கிலோமீட்டர் போகிற மாட்யூலே வாங்கிவிடலாம், பவர் அதிகம்’ என்று யாராவது சொல்வார்கள். அப்படியொரு மாட்யூல் +5 டிபிஎம் வரை அனுப்பலாம். 1.26 போக மறுமுனையில் சேர்வது +3.74. அதன் ஏற்பி தாங்கும் உச்சம் –3 டிபிஎம் என்றால், ஏறத்தாழ 7 டெசிபல் கூடுதல். ஐந்து மடங்கு அதிக ஒளி. ஏற்பி திணறும், கெட்டும் போகலாம். பக்கத்தில் இருப்பவர் காதில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுவது போலத்தான். காசையும் கூடுதலாகக் கொடுத்து இந்தக் கேட்டை வாங்க வேண்டுமா?

சுவிட்ச் ஏற்குமா?

எஸ்எஃப்பி என்பது 1 ஜிகாபிட். அதே உருவத்தில் 10 ஜிகாபிட்டுக்கானது எஸ்எஃப்பி பிளஸ். 10 ஜிகாபிட் துளையில் 1 ஜிகாபிட் மாட்யூலைப் பெரும்பாலான சுவிட்சுகள் ஏற்கும், தலைகீழாக நடக்காது. உருவம் ஒன்றாக இருப்பதால் 10 ஜிகாபிட் மாட்யூல் 1 ஜிகாபிட் துளையில் ஒழுங்காக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. இரு முனையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பள்ளிக்கு 1 ஜிகாபிட் போதுமா என்றால், வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பே நொடிக்குச் சில நூறு மெகாபிட் என்ற நிலையில், போதும். தொழிற்சாலைகளிலும் தரவு மையங்களிலும் உள்ள 25, 100 ஜிகாபிட் மாட்யூல்கள் நமக்குப் பேச்சளவில் போதும்.

ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு நினைவகச் சில்லு உண்டு. தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், அலைநீளம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சுவிட்ச் அதைப் படிக்கும். தன் நிறுவனத்துப் பெயர் இல்லாவிட்டால் ஏற்க மறுக்கும் சுவிட்சுகளும் உண்டு. உருவமும் இணைப்பும் எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுதான் என்றிருக்க, இப்படிக் கதவடைப்பது வணிகத் தந்திரம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் இரண்டே மாட்யூல் வாங்கும் பள்ளி அந்தச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கொள்முதல் ஆணையில் சுவிட்சின் மாடலை எழுதி, ‘இதில் பொருத்தி இணைப்பு விளக்கு எரிவதைக் காட்டிய பின்பே பணம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆணையின் முழு வாசகம் இப்படி இருக்கலாம்: ‘1 ஜிகாபிட் எஸ்எஃப்பி, சிங்கிள் மோடு, 1310 நானோமீட்டர், 10 கிலோமீட்டர், இரட்டை எல்சி, டிடிஎம் வசதியுடன், மேற்படி சுவிட்சுக்குப் பொருந்துவது.’

வெப்பநிலைக்கும் ஒரு வரி உண்டு. சாதாரண மாட்யூல் 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை, தொழிற்சாலை வகை –40 முதல் 85 வரை. 70 என்பது அறையின் வெப்பம் அல்ல, மாட்யூலின் உடல் வெப்பம். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய அறையில், காற்று புகாத இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் அதை நெருங்கக்கூடும். விலை கூடிய மாட்யூலைவிட, பெட்டியில் காற்றுத் துளை வைப்பது மலிவு.

கேமரா வைக்கும் பள்ளிகளுக்கு: செம்புக் கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பி கேமராவை இயக்கும் வசதி ஒளியிழையில் கிடையாது. மறுமுனைச் சுவிட்சுக்குத் தனி மின் இணைப்பும் யுபிஎஸ்ஸும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாட்யூல் எரிகிறதா என்று துளைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 850, 1310, 1550 எல்லாமே அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. எந்தத் துளையையும், எந்த இழை முனையையும் நேராகப் பார்க்கக் கூடாது. இழையை ஒட்டும் பணியாளர் வெட்டிப் போடும் கண்ணாடித் துணுக்குகள் ஊசியைவிடக் கூர்மை. வெறுங்காலில் தைத்தால் எடுப்பது கடினம். அவர் வேலை முடிக்கும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கைப்பேசிக் கேமராவில் பார்க்கலாமே என்று ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி, 12-ஆம் வகுப்பு இயற்பியலில் விடை இருக்கிறது. 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 850-க்கு 1.46, 1310-க்கு 0.95, 1550-க்கு 0.80. கேமராவின் உணரி சிலிக்கான். அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 850 சில கைப்பேசிகளில் மங்கிய வெளிச்சமாகத் தெரியலாம். 1310 தெரியாது. ‘கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, லேசர் அணைந்துதான் இருக்கிறது’ என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை மாணவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். தொலைவு மாட்யூல்களின் ஏற்பியில் சிலிக்கானுக்குப் பதில் இண்டியம், காலியம், ஆர்சனிக் கலந்த குறைகடத்தியைப் பயன்படுத்துவது ஏன் என்பதும் அதே கணக்கில் வந்துவிடும்.

தூசு இன்னொரு எதிரி. ஒளி செல்லும் வாசலே 9 மைக்ரோமீட்டர் என்றால், சுண்ணாம்புத்தூள் துகள் ஒன்று போதும் அதை அடைக்க. பயன்படுத்தாத துளைக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். செருகியின் முனையை விரலால் தொடுவதும் வேட்டி நுனியால் துடைப்பதும் கூடாது. இதற்கென்றே உள்ள துடைப்பான் விலை அதிகமில்லை.

ஆணையில் டிடிஎம் என்று கேட்கச் சொன்னதன் பயன் கடைசியில்தான் தெரியும். இந்த வசதியுள்ள மாட்யூல் தன் வெப்பநிலை, அனுப்பும் திறன், பெறும் திறன் மூன்றையும் அளந்து சொல்லும். நிர்வாக வசதியுள்ள சுவிட்சின் திரையில் அவற்றைப் படிக்கலாம். பொருத்திய நாளன்றே இரு முனையிலும் பெறும் திறனைப் படித்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி, பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அன்று –7.2 டிபிஎம், ஆறு மாதம் கழித்து –7.5 என்றால் கவலையில்லை. –13 என்றால் எங்கோ தூசு, மடிப்பு அல்லது எலிக்கடி. சுவிட்சையும் மாட்யூலையும் மாற்றுவதற்கு முன் கேபிளைப் பார்க்கச் சொல்லலாம். மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் படித்துக் குறிக்கும் பொறுப்பை 11-ஆம் வகுப்பு மாணவர் இருவரிடம் கொடுங்கள்.